இசைத்தட்டுகளைக் கிலோ விலைக்கு விற்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வாரப் பக்கத்தில் இசைத்தட்டுகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வெளிநாடுகளில் வினைல் என்கிற பிளாஸ்ரிக் இசைத்தட்டுகள் மறுபடியும் விற்கத் தொடங்கியிருக்கின்றன, இது காசு உள்ளவர்களின் புது மோகம், கொஞ்ச நாளில் அடங்கிவிடும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரில் றேடியோ, அம்பிளிபயர், ரேப் றெக்கோடர் திருத்தியே சீவியம் நடத்தி வருகிற ஒருவன் என்ற முறையில், அந்தக் கடைசி வசனத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நம் வீடுகளில் மிச்சம் கிடக்கிற இசைத்தட்டுகளும் போய்விடும் என்ற பயத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மோகம் என்ற கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் வினைல் விற்பனை 2007 அளவில் ஏறத் தொடங்கியது, அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2020 இல் அங்கே வினைல் விற்றுக் கிடைத்த பணம் சி.டி. விற்றுக் கிடைத்த பணத்தைத் தாண்டியது, 1986 க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 2022 இல் எண்ணிக்கையிலும் தாண்டிவிட்டது: வினைல் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம், சி.டி. ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம். பிரித்தானியாவில் விலைவாசியைக் கணக்கிடுவதற்கு அரசாங்கம் வைத்திருக்கிற சாமான் பட்டியலில் இருந்து 1992 இல் எடுத்துவிட்ட வினைல் தட்டை 2024 இல் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். ஜப்பானில் சோனி நிறுவனம் 1989 இல் நிறுத்திய தட்டு அச்சிடும் வேலையை 2018 இல் மறுபடி தொடங்கியது. ரெக்னிக்ஸ் கொம்பனி 1972 இல் கொண்டுவந்து 2010 இல் கைவிட்ட எஸ்.எல். 1200 என்ற சுழல்மேசையை 2016 இல் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. இத்தனை வருடமாகத் தொடர்ந்து வளர்கிற ஒன்றை இரண்டு நாள் மோகம் என்று தள்ளிவிட முடியாது.

கட்டுரையில் ஒரு பாதி உண்மை இருப்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். லூமினேற் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 இல் வெளியிட்ட கணிப்பில், அங்கே வினைல் வாங்குகிறவர்களில் அரைவாசிப் பேரிடம்தான் அதைப் போட்டுக் கேட்க ஒரு மெசின் இருக்கிறது என்று வந்தது. மற்ற அரைவாசிப் பேர் அதைச் சுவரில் மாட்டுகிறார்கள், அலுமாரியில் அடுக்குகிறார்கள், பாடகர் மேல் உள்ள அன்புக்கு வாங்கி வைக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஊசி படாத தட்டு வெறும் பிளாஸ்ரிக். இங்கேயும் அந்தப் பழக்கம் மெதுமெதுவாக வருகிறது. புதுச் சாப்பாட்டுக் கடைகளிலும் விடுதிகளிலும் சுவருக்கு ஆணி அடித்துப் பழைய தட்டுகளைத் தொங்கவிடுகிறார்கள், அதில் எத்தனை தட்டு நல்லாகப் பாடக்கூடியது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் அந்தச் சாதி இல்லை. அவர்கள் கேட்கத்தான் வருகிறார்கள், அதுவும் இளம் பிள்ளைகள். அண்மையில் கோண்டாவில் பக்கத்துப் பெடியன் ஒருவன் அரிசிப் பையில் சுற்றி ஒரு கரார்ட் சேஞ்சரை, அதாவது தட்டுப் போடுகிற பழைய மெசினை, கொண்டுவந்தான். றேடியோவும் தட்டு மெசினும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற அம்மம்மா வீட்டு றேடியோகிராமுக்குள் இருந்து கழற்றியதாம். பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது, இரும்பு மட்டும் மிச்சம். "அங்கிள், இது பாடுமா?" என்று கேட்டான். பாட வைக்கலாம் தம்பி, கொஞ்சம் பொறு என்றேன். இசைத்தட்டு வைக்கிற சுழல்தட்டைக் கழற்றிப் பார்த்தால் நடு அச்சில் போட்டிருந்த கிறீஸ் பனங்கட்டி மாதிரி இறுகிப்போய், கையால் சுற்றினாலும் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். மோட்டருக்கும் சுழல்தட்டுக்கும் நடுவில் ஒரு றப்பர் சில்லு இருக்கும், அதுதான் மோட்டரின் சுற்றைச் சுழல்தட்டுக்குக் கொடுக்கிறது. அது பல வருடம் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்ததால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்துவிட்டது. அப்படியே ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தொம் தொம் என்று ஸ்பீக்கரில் கேட்கும். அதைக் கடைசல்காரரிடம் கொடுத்து மெதுவாகத் தேய்த்துச் சரி பண்ணினோம்.

ஊசி பொருத்துகிற காட்றிட்ஜ் செத்திருந்தது. அந்தக் காலத்துக் காட்றிட்ஜ்களில் பலவற்றுக்குள்ளே ரோஷெல் உப்புப் பளிங்கு என்று ஒன்று இருக்கும், ஊசி அசையும்போது அதில் மின்சாரம் பிறக்கும். உப்பு அல்லவா, ஈரக்காற்றுப் பட்டால் கரைந்து கெட்டுவிடும். மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள நம் ஊரில் அது தப்புவதே அருமை. அதற்குப் பதில் செரமிக் காட்றிட்ஜ் ஒன்றை வரவழைத்துப் பூட்டினேன். பிறகு அம்மம்மாவின் தட்டுகளில் ஒன்றைப் போட்டோம், சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு. முதலில் கொஞ்ச நேரம் கரகர என்று சத்தம், அதற்குள்ளே இருந்து அந்தக் குரல் எழும்பி வந்தது. பெடியன் ஒன்றும் கதைக்கவில்லை. கைபேசியை எடுத்து வீடியோ பிடிக்கப் போனவன் பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அந்தப் பக்கம் முடியும்வரை நின்று கேட்டான். பக்கத்துக் கடைக்காரர், வெயிலுக்கு ஒதுங்கிய ஓட்டோக்காரர் என்று நாலைந்து பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இதற்குக் காரணம் என்ன என்று நானும் யோசித்திருக்கிறேன். தட்டின் சத்தம்தான் உயர்ந்தது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அளந்து பார்த்தால் சி.டி.தான் துல்லியம், தட்டில் இரைச்சல் உண்டு, நடுவட்டத்துக்குக் கிட்டப் போகப் போகச் சத்தம் கொஞ்சம் சிதையும், தூசி இருந்தால் பொரியும். தட்டில் அடித்தொனியைக் கூட்டி வெட்டினால் பள்ளம் அகலமாகிவிடும், ஊசியும் துள்ளும். அதனால் வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டி வெட்டுகிறார்கள், கேட்கும்போது அம்பிளிபயர் அதைத் திருப்பி நேராக்குகிறது. 1954 இல் இருந்து இதற்கு ஒரு பொது அளவு இருக்கிறது. (புது மெசின் வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்பிளிபயரில் இந்த நேராக்குகிற வேலை நடக்கிற, போனோ என்று எழுதிய துளையில் கொடுக்காமல் சாதாரணத் துளையில் வயரைக் கொடுத்துவிட்டு, தகரச் சத்தம் வருகிறது, மெசின் சரியில்லை என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். மெசினில் ஒரு பிழையும் இல்லை.)

தட்டு உங்களை உட்கார வைக்கிறது, அதுதான் அதன் பலம் என்பது என் எண்ணம். எல்.பி. என்கிற பெரிய தட்டில் ஒரு பக்கம் இருபது இருபத்திரண்டு நிமிசம். எடுக்க வேண்டும், உறையில் இருந்து விரல் படாமல் இழுக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊசியை வைக்க வேண்டும், முடிந்ததும் எழும்பிப் போய்த் திருப்பிப் போட வேண்டும். இவ்வளவு பாடுபட்ட பிறகு யாரும் பாதியில் எழும்பிப் போவதில்லை. கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறது, ஒரு பாட்டின் சரணம் வருவதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது, காதில் இரண்டு குமிழைச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறோம். தட்டு வீட்டு விறாந்தைக்குப் பொதுவானது. யார் வந்தாலும் கேட்கலாம். பாட்டு எழுதியவர் யார், இசை யார், வயலின் யார் என்று உறையைத் திருப்பிப் பார்த்து வாசிக்கலாம். இருபது வயதுப் பிள்ளைகள் இதைத் தேடி வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஏதோ குறைகிறது என்றுதானே அர்த்தம். அதை மோகம் என்று சொல்லி அவர்களைச் சின்னப்படுத்தக் கூடாது.

சரி, இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

இலங்கையில் வானொலி தொடங்கியதே இசைத்தட்டில்தான். 1923 இல் கொழும்பில் தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வேட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து எடுத்த கருவிப் பாகங்களைக் கொண்டு பரிசோதனையாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையைத்தான். பிறகு 1952 இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக வந்து இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது, பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட இந்தியச் சனம் எல்லாம் றேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பியது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் கடல் தாண்டிப் பேர் எடுத்ததற்குப் பின்னால் கொழும்பில் அடுக்கடுக்காக இருந்த அந்தத் தட்டுகள் இருந்தன. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தட்டு வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் வசதியான ஒருசில வீடுகளில்தான் சொந்தமாக மெசின் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் தட்டுக் கேட்டது கோயிலிலும் கலியாண வீட்டிலும்தான். திருவிழா என்றால் ஒலிபெருக்கிக்காரர் மத்தியானமே சைக்கிளிலோ வண்டியிலோ வந்து சேர்ந்துவிடுவார். வடக்கு வீதி வேம்பிலும் பனையிலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, மடத்து மூலையில் மேசை போட்டு, மரப்பெட்டியில் இருந்து தட்டுகளை எடுத்து அடுக்குவார். சின்னப் பெடியன்கள் நாங்கள் சுற்றி நிற்போம், கிட்டப் போனால் துரத்துவார். முதல் தட்டு பிள்ளையார் பாட்டு. அது கேட்டால் அடுத்த ஊர்க்காரனுக்கும் இங்கே திருவிழா தொடங்கிவிட்டது என்று தெரியும். தவில் நாதஸ்வரத்துக்குப் பேர்போன இணுவில், அளவெட்டிப் பக்கங்களில் நல்ல வித்துவான்கள் நேரிலேயே வாசிக்கிற கோயில்களில்கூட, மேளம் தொடங்குகிற நேரம்வரை தட்டுத்தான் ஓடும்.

பிறகு எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாட்டுகள் வந்தன. நம் பேச்சில், நம் ஊர் மாமியையும் மச்சாளையும் வைத்துப் பாடிய பாட்டுகள். அவை சின்னத் தட்டுகளாகவும் வந்தன, நிமிசத்துக்கு 45 சுற்றில் ஓடுகிறவை. அதில் எத்தனை தட்டு இன்றைக்கு இந்தக் குடாநாட்டுக்குள் இருக்கும்? கேட்டுப் பாருங்கள். கனடாவில், இலண்டனில் யாரோ சேர்த்து வைத்திருப்பார்கள், இங்கே கிடைக்காது. 1977 இல் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு ஜப்பான் ரேப் றெக்கோடர் வீடு வீடாக வந்தது. ரவுனில் றெக்கோடிங் பார்கள் வந்தன, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கசெற்றில் பதிந்து தருவார்கள். அந்தக் கடைகளில் மூலமாக இருந்ததும் தட்டுகள்தான். வீட்டில் இருந்த தட்டுகள் மெல்ல மெல்லப் பரணுக்குப் போயின.

போன தட்டுகளுக்கு அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1990 இல் போரோடு கறண்ட் போனது. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்டோம், பாட்டுக் கேட்டோம். நான் அந்த நாட்களில் எத்தனையோ டைனமோவுக்கு வயர் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வாத்தியாரிடம் சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்று இருந்தது. அதற்குக் கறண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம், சுருள் வில்லை முறுக்கிவிட்டால் ஒரு பக்கம் பாடும். ஊசிதான் பிரச்சினை. அது இரும்பு ஊசி, ஒரு பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும், மாற்றாமல் போட்டால் தட்டைக் கிழிக்கும். கடையில் ஊசி எங்கே கிடைக்கும்? வாத்தியார் நாகதாளி முள்ளைப் பிடுங்கி நிழலில் காயவைத்து, நுனியைச் சீவி, ஊசி பூட்டுகிற துளையில் திருகிவிடுவார். சத்தம் சிறிது, ஆனால் இனிமை. பிறகுதான் அறிந்தேன், கிராமபோன் காலத்தில் வெளிநாடுகளிலும் முள் ஊசி, மூங்கில் ஊசி என்று கடைகளிலேயே விற்றிருக்கிறார்கள், தட்டுத் தேயாது என்று அதை விரும்பி வாங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் விளக்கும் இல்லாமல் இருட்டுக்குள் இருந்து நாங்கள் கேட்ட அந்தப் பாட்டுகளை இன்றைக்கு எந்தக் கருவியில் கேட்டாலும் எனக்கு வாத்தியாரின் முள்தான் ஞாபகம் வரும்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டபோது தட்டை யார் தூக்கினார்கள்? குழந்தையும் அரிசியும் காணி உறுதியும் நகையும்தான் கையில். திரும்பி வந்த வீடுகளில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. ஓடு போன கூரைக்குக் கீழே மழையிலும் வெயிலிலும் கிடந்த எல்.பி.கள் வளைந்து போயின. கிராமபோன் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் வினைல் இல்லை, அவை அரக்கையும் கல்மாவையும் கலந்து செய்தவை, கீழே விழுந்தாலே உடையும். ஒரு பெரிய நூலகத்தையே எரியக் கொடுத்த ஊர் நாங்கள். 97,000 புத்தகம் என்று எல்லோரும் சொல்கிறோம், அந்தக் கணக்காவது இருக்கிறது. வீடுகளில் அழிந்த இசைத்தட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

இவ்வளவுக்கும் தப்பி மிச்சம் இருப்பவை இப்போது கிலோ விலைக்குப் போகின்றன என்பதுதான் நான் சொல்ல வந்த விசயம். கொழும்பில் இருந்தும் வேறு இடங்களில் இருந்தும் பழஞ்சாமான் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். பித்தளை இருக்கிறதா, பழைய மணிக்கூடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்து, தட்டுகளைக் கண்டால் இதையும் சேர்த்துத் தாருங்கள் என்று பெட்டியோடு தராசில் வைக்கிறார்கள். வீட்டில் இருக்கிற வயது போனவர்களுக்கு அதன் பெறுமதி தெரியாது, பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டை வெள்ளையடிக்க வேண்டும், பரண் காலியானால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தாத்தா காலத்துத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய, நான் வந்து பார்க்கிறேன் வைத்திருங்கள் என்று சொல்லி இரண்டு நாள் கழித்துப் போனால், வந்த ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், கொடுத்த காசு ஒரு நல்ல மீன் வாங்கக் காணாது. உறையில்லாத கே. பி. சுந்தராம்பாள் தட்டுகள் அதில் இருந்ததாக அந்த அம்மா சொன்னார். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. வாங்கியவரை நான் குற்றம் சொல்லவில்லை, அது அவர் தொழில். ஆனால் அந்தத் தட்டு இனி எந்த நாட்டு ஏலத்துக்குப் போகும், எந்த விடுதிச் சுவருக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். வீட்டில் தட்டு இருந்தால் விற்க முதல் ஒரு தடவை யாராவது விசயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விற்பதே இல்லை என்று முடிவெடுத்தால் அதைக் காப்பாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் அடுக்குவதுபோல் நேராக நிறுத்தி வையுங்கள், சரிந்து நின்றால் நாளடைவில் வளையும். தகரக் கூரைக்குக் கீழே, யன்னலோரம் வேண்டாம், வெயில் பட்ட காரின் பின்சீற்றில் ஒரு மத்தியானம் கிடந்தாலே வினைல் நெளிந்துவிடும். பூஞ்சணம் பிடித்திருந்தால் பயப்படாதீர்கள், அநேகமாகக் கழுவினால் போகும். வினைல் என்றால் சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்கார நீர் விட்டு, மெத்தென்ற துணியால் பள்ளம் ஓடுகிற திசையில் வட்டமாகத் துடையுங்கள், நடுவில் உள்ள கடதாசி நனையக் கூடாது. இன்னொன்றை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும்: கனமான, உடையக்கூடிய 78 சுற்றுத் தட்டில் ஸ்பிரிட் பூசவே வேண்டாம். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். யூ ரியூப்பில் யாரோ வினைலுக்குச் சொன்னதைப் பார்த்துவிட்டு இங்கே 78 இல் செய்து, பாட்டோடு சேர்த்துத் துடைத்து எடுத்த தட்டு ஒன்றை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதேபோல் ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலம், எல்.பி.யின் பள்ளம் அதைவிட மிகவும் ஒடுக்கம். 1948 இல் கொலம்பியா கொம்பனி எல்.பி.யைக் கொண்டுவந்தபோது பள்ளத்தை ஒடுக்கியதும் சுற்றை 33⅓ க்குக் குறைத்ததும்தான் மூன்று நிமிசத் தட்டை இருபது நிமிசத் தட்டாக்கியது. எல்.பி. ஊசியை 78 இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் தேய்ந்து இரைச்சல்தான் வரும், 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் அந்தத் தட்டு அன்றோடு முடிந்தது. கிராமபோனில் எல்.பி.யைப் போட்டுப் பார்க்கிற விளையாட்டு அறவே வேண்டாம். இணையத்தில் வாங்குகிற மலிவான சூட்கேஸ் மெசின்களும் எனக்குப் பிடிக்காது, ஊசியின் பாரம் அதிகம், தட்டு கெதியாகத் தேயும். அந்தக் காசுக்கு ஒரு பழைய மெசினைத் திருத்தி எடுக்கலாம்.

அடுத்தது பொது வேலை. யாழ்ப்பாணத்தில் ஓர் அறை வேண்டும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பொது நூலகத்தில் ஒரு மூலையோ, அதற்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு கட்டி எழுப்பிய பண்பாட்டு மையத்தில் ஓர் அறையோ போதும். நல்ல சுழல்மேசை ஒன்று, மூன்று வேகமும் ஓடக்கூடியது, இரண்டு வகை ஊசி, ஓர் அம்பிளிபயர், இரண்டு ஸ்பீக்கர், ஈரம் புகாத அலுமாரி, இருபது கதிரை. கிழமையில் ஒரு பின்னேரம் திறந்து வைத்து, வீட்டில் தட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து போட்டு எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். தர விரும்புகிறவர்கள் தரலாம், தர விரும்பாதவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். எந்த வீட்டில் என்ன தட்டு இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இது நடக்காத காரியம் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் புத்தகங்களோடு பழைய கிராமபோன் தட்டுகளையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். நம்மவர்களின் நூலகம் நிறுவனம் 2005 இல் இருந்து ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் மின்வடிவில் சேர்த்து இலவசமாகக் கொடுத்து வருகிறது, எவ்வளவு பெரிய வேலை அது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று நாம் அறிந்த இடத்தில் இத்தனை பிள்ளைகள் பாட்டும் வீணையும் மிருதங்கமும் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய வித்துவான்களின் வாசிப்பை நல்ல சாதனத்தில், இருந்து கேட்க ஓர் இடம் வேண்டாமா? 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை அதற்குப் பிறகு பிறந்த ஒருவரும் நேரில் கேட்டதில்லை. இன்றைக்கு அவருடைய வாசிப்பு நம் காதில் விழுகிறது என்றால் அது யாரோ அன்றைக்குப் பதிந்து, வேறு யாரோ அதை எறியாமல் வைத்திருந்ததால்தான்.

தட்டில் இருக்கிறதைக் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஏற்றத்தான் வேண்டும், நான் எதிர்ப்பில்லை. ஆனால் ஏற்றிய பிறகு தட்டை எறியக் கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல ஊசி வரும், இதைவிட நல்ல முறை வரும், அப்போது மூலம் கையில் இருந்தால்தான் திரும்பவும் எடுக்கலாம். அவசரத்தில் மட்டமான மெசினில் ஏற்றி, வேகம் பிழைத்து, பாடுகிறவரின் சுருதியே மாறிப்போன பாட்டுகள் இணையத்தில் எத்தனையோ கிடக்கின்றன. 78 என்று எழுதியிருந்தாலும் ஆரம்ப காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 இல் ஓடுகிறவை இல்லை, காது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சுருதி பார்த்து வேகத்தைச் சரிப்படுத்த வேண்டும். அதற்குச் சங்கீதம் தெரிந்தவரும் வேண்டும், என்னைப் போல ஸ்குறூ முறுக்கத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டு சாதியும் இந்த ஊரில் இன்னும் இருக்கிறோம்.

மாநகர சபையும் நூலகத்துக்குப் பொறுப்பானவர்களும் இதை வாசித்தால் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். அறை கிடைத்தால், அங்கே வைக்கிற மெசின்களை நான் கூலி இல்லாமல் திருத்தித் தருகிறேன், பூட்டியும் தருகிறேன், பழக விரும்புகிற பிள்ளைகள் இரண்டு பேருக்கு வேலையும் சொல்லிக் கொடுக்கிறேன். அதுவரைக்கும், பழுதான கரார்ட், பி.எஸ்.ஆர்., பிலிப்ஸ் மெசின் எதுவாவது வீட்டில் கிடந்தால் இரும்புக்குப் போடாதீர்கள், ஓடாததில் இருந்தும் ஒரு சில்லாவது, ஒரு ஸ்பிறிங்காவது இன்னொன்றுக்கு எடுக்கலாம். எழுபதுகளின் பொப் பாட்டுச் சின்னத் தட்டு யாரிடமாவது இருந்தால், உடைந்த உறையோடு இருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வந்து கேட்டுவிட்டுப் போக நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
றேடியோ திருத்துனர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.